ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

“கோடைன்னு போட்டிருக்கு மாமா. நமக்கு எது கோடை?”

மருமகள் மடிக்கணினியை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள். பெப்ரவரி மாதம். கட்டுக்கலையில் காலை எட்டு மணியாகியும் ஜன்னல் கண்ணாடியில் பனி ஒட்டியிருந்தது. விண்ணப்பத்தில் குறித்திருந்த கோடை ஜூனில் தொடங்கி ஓகஸ்டில் முடிகிறது. கண்டிக்கு அது தென்மேல் பருவக்காற்றின் காலம். குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்ப முடியாது. மழை கொஞ்சம் ஓய்ந்தால் பெரஹரா வந்து வீதிகளை மூடிவிடும். நம் பல்கலைக்கழக விடுமுறையோ வெயிலையும் மழையையும் பார்த்து வருவதில்லை, வேலைநிறுத்தத்தைப் பார்த்து வரும். “மழைக்காலம்னு நெனச்சு நிரப்பு” என்றேன்.

அவள் சட்டம் மூன்றாம் வருடம். விண்ணப்பம் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையுடையது. பொதுநல வழக்குகளை நடத்தும் ஏதாவதோர் அமைப்பில் மாணவர் பத்து வாரம் வேலை செய்யவேண்டும். அமைப்பு சம்பளம் தராது. சாப்பாடு, பஸ், தங்குமிடம் ஆகியவற்றுக்கு அறக்கட்டளை பணம் தரும். நல்ல ஏற்பாடுதான். வசதியான வீட்டுப் பிள்ளை விடுமுறையில் கொழும்பு புதுக்கடையில் பெரிய சட்டத்தரணி ஒருவரின் பின்னால் கோப்புத் தூக்கிக்கொண்டு திரியும். நம் பிள்ளைகள் அதே விடுமுறையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அடுத்த தவணைக்குப் பணம் சேர்ப்பார்கள். படித்து முடித்த பிறகு யாருக்கு யாரைத் தெரியும் என்பது அந்த விடுமுறைகளில்தான் முடிவாகிறது.

எங்கே வேலை செய்வாய் என்ற கட்டத்தை அவள் சுலபமாக நிரப்பிவிட்டாள். கண்டியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு இங்கே நிலையம் உண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் இந்த ஊரில் சத்தியோதயம் என்ற அமைப்பைத் தொடங்கியபோது தோட்டத்து மக்களின் உரிமை பற்றிப் பேச நகரத்தில் ஆள் கிடைப்பதே அபூர்வம். இப்போது அந்தத் தலைப்பில் மாதம் ஒரு கருத்தரங்காவது நடக்கிறது. வடையும் தருகிறார்கள்.

அவள் மாட்டிக்கொண்டது கடைசிக் கட்டத்தில். நீ நேரில் கண்ட ஓர் அநீதியை விவரி. அது உன்னைப் பொதுநலச் சட்டத்தின்பால் எவ்வாறு இட்டுவந்தது என்று சொல். ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

அவள் எழுதியிருந்த முதல் வடிவத்தைப் படித்தேன். இருநூறு வருட வரலாற்றில் தொடங்கியது. இரண்டாவது பந்தியில் அவளுடைய அப்பாயி கூடையோடு மலையேறினாள், அட்டை கடித்தது, இரத்தம் தேயிலையின் நிறத்தில் ஓடியது. நல்ல ஆங்கிலம். ஓர் இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது. அடைத்ததும் உஷாராகிவிட்டேன். அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், இதே மாதிரியான ஒரு சிறிய உதவித்தொகைக்கு ஆள் தெரிவு செய்யும் குழுவில் என்னையும் உட்காரவைத்தார்கள். நாற்பது சொச்சம் விண்ணப்பங்கள். பாதிக்கு மேல் பாட்டியில் தொடங்கின, மிச்சத்தில் அம்மா. கூடை, அட்டை, லயத்துக் கூரையின் ஒழுகல், மண்ணெண்ணெய் விளக்கு. எதுவும் பொய்யில்லை. ஆனால் முப்பதாவது விண்ணப்பத்தை எடுக்கும்போது அட்டை எந்த வரியில் கடிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவற்றுக்கு நடுவில் ஒரு பையன் அரைப் பக்கம் மட்டும் எழுதியிருந்தான். தங்கள் லயத்தில் ஆறு குடும்பம். ஆறு பேருக்கும் சேமலாப நிதிக் கணக்கில் சில மாதங்கள் விடுபட்டிருக்கின்றன. எந்தெந்த மாதம் என்று பட்டியல். இதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறேன். அவ்வளவுதான். நான் ஓரத்தில் “தனிப்பட்ட உணர்வு போதாது” என்று எழுதி அவனைக் கீழே தள்ளினேன். என்னை அழவைத்த விண்ணப்பத்துக்கு முதலிடம் கொடுத்தேன். அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று விசாரிக்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

கோடை விடுமுறையில் சட்ட மாணவர்களைப் பொதுக் காரியத்துக்கு அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் வேர்பிடித்தது. 1968 கோடையில் சட்டத்தரணி ரால்ஃப் நேடர் ஏழு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, நுகர்வோரைக் காக்கவேண்டிய கூட்டாட்சி வணிக ஆணையம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனார். அவர்கள் கண்ணீர் தேடிப் போகவில்லை. அலுவலகத்துக்குள் நுழைந்து, யார் எத்தனை மணிக்கு வருகிறார், வந்த முறைப்பாட்டுக்கு என்ன ஆனது, எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று பார்த்தார்கள். மறுவருடம் வந்த அறிக்கை அந்த ஆணையத்தையே ஆட்டிவைத்தது. இப்போதைய விண்ணப்பப் படிவங்களில் அந்தக் கோப்பு வாசனை போய், ‘உன் கதையைச் சொல்’ என்ற வேண்டுகோள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எப்போது மாறியது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

விண்ணப்பம் என்ற சொல்லே எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வேறு மாதிரி ஒலிக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தகப்பன் பிறந்ததற்கு எந்தக் காகிதமும் இல்லாத ஒரு சமூகம் ஒரே நாளில் நாடற்றதானது. மறுவருடம் வந்த 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது: விண்ணப்பியுங்கள். மணமானவருக்கு ஏழு வருடம், மணமாகாதவருக்குப் பத்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்த சான்று வேண்டும். வருமானச் சான்று வேண்டும். இரண்டு வருடத்துக்குள், 1951 ஓகஸ்டுக்குள், விண்ணப்பிக்க வேண்டும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் புறக்கணிக்கச் சொன்னது, பிறகு எழுதச் சொன்னது. கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் கொட்டின. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள். அவற்றுக்குள் எட்டு லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள். பத்துப் பன்னிரண்டு வருட விசாரணைக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு.

அந்த விண்ணப்பத்தில் ‘உன் கதையைச் சொல்’ என்று யாரும் கேட்கவில்லை. துயரம் தகுதியாகவில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்தத் தோட்டத்தில் பேர் இருந்தது, நடுவில் எத்தனை நாள் அக்கரைக்கு, இந்தியாவுக்கு, போனாய், அவ்வளவுதான். மருமகளின் அப்பாயியுடைய தகப்பனார், தாய் சாகக் கிடக்கிறாள் என்று துறையூர்ப் பக்கம் போய்ப் பதினான்கு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போனால் தொடர் வசிப்பு அறுந்தது. தாய் சாவதற்கு எடுத்துக்கொண்ட அந்த இரண்டு மாதத்தில் ஒரு குடும்பம் நாடிழந்தது. இதை மருமகள் தன் ஐந்நூறு சொற்களில் எழுதவேயில்லை, அட்டைதான் எழுதியிருந்தாள்.

வழக்காகப் போனவையும் இப்படியான உலர்ந்த காகிதங்களிலிருந்துதான் போயின. கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் நாற்பது கிலோமீற்றர் இறங்கினால் கேகாலை. அந்த மாவட்டத்து ருவன்வெல்லவில் கோடாக்கன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தார். நீ பிரஜை இல்லை என்று பதிவு அதிகாரி மறுத்தார். மறுத்ததை விசாரித்த அதிகாரி, அந்தக் குடியுரிமைச் சட்டமே சோல்பரி அரசியல் யாப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று தீர்ப்பெழுதிவிட்டார். உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது, 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கவிழ்த்ததையே உறுதிசெய்தது. ஓர் இடாப்பில் ஒரு வரிக்காகப் போட்ட விண்ணப்பம் லண்டன் வரை போய்த் தோற்றுத் திரும்பியது.

அதே கேகாலைக் கச்சேரியில் கோடீஸ்வரன் என்று ஓர் எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1969இல் பிரிவி கவுன்சில் அரச ஊழியன் சம்பளத்துக்கு வழக்காடலாம் என்று மட்டும் சொல்லி, சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியைக் கொழும்புக்கே திருப்பியனுப்பியது. அது பிறகு தீரவேயில்லை. சட்ட வகுப்பில் இந்த இரண்டையும் யாப்புச் சட்டத்தின் மைல்கற்களாகப் படிப்பிக்கிறார்கள். எனக்கு அவற்றில் பிடித்தது தொடக்கம்தான். ஒருவருக்கு இடாப்பில் ஒரு வரி வேண்டியிருந்தது. இன்னொருவருக்குச் சில ரூபாய்ச் சம்பள ஏற்றம். இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டுமே. நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, சத்தியக் கடதாசி ஆகியவற்றை மூன்று மொழிகளுக்குள் மாற்றி, கீழே முத்திரை குத்திக் கொடுப்பேன். முப்பது வருடமாக. தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பேர் தமிழில் ‘இராமாயி’ என்று கோயிலில் இருக்கும், சிங்களத்தில் எழுதிய பதிவாளரின் காதில் ‘ரமயி’ ஆகியிருக்கும், அதை நான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது எந்த ராமாயியை அனுப்புவது? காகிதத்தில் இருக்கிறபடிதான் அனுப்பவேண்டும். ‘இனம்: இந்தியத் தமிழ்’ என்று இருந்தால் அப்படியே. கண்டியில் நீதிமன்றத்தின் மொழி சிங்களம். தமிழில் சாட்சி சொல்கிறவருக்கு நடுவில் ஒருவர் நின்று மாற்றிச் சொல்லவேண்டும். சட்டக் கல்லூரியில் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தும் ஒழுங்குவிதி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டபோது எங்கள் தெருவில் வெடி கொளுத்தாத குறை. மருமகளின் விண்ணப்பமும் இந்த மூன்று மொழிக்குள் மாட்டியதுதான்: தமிழில் பேசும் அப்பாயி, சிங்களத்தில் இருக்கும் அவளுடைய காகிதங்கள், ஆங்கிலத்தில் கேட்கும் கட்டம்.

“இதைச் சத்தியக் கடதாசியா எழுதிப் பாரு” என்றேன்.

அவளுக்கு முதலில் விளையாட்டாக இருந்தது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 181ஆம் பிரிவை அவளே ஒப்பித்தாள்: சத்தியக் கடதாசியில் சொல்கிறவர் தன் சொந்த அறிவிலும் அவதானிப்பிலும் உள்ளதை மட்டும் சொல்லவேண்டும். கேள்விப்பட்டதற்கு இடமில்லை. இந்து என்றால் உறுதிமொழி, கிறிஸ்தவர் என்றால் சத்தியம். பந்திக்கு இலக்கம் போடவேண்டும். ஒரு பந்திக்கு ஒரு சங்கதி.

முதலாம் பந்தி: நான் கண்டி வைத்தியசாலையில் பிறந்தேன். “பார்த்தியா?” என்று கேட்டேன். வெட்டினாள். இருநூறு வருட வரலாறு போயிற்று. அட்டை போயிற்று, ஏனென்றால் அவள் கொழுந்து எடுத்ததே இல்லை. தெல்தோட்டைக்கு அப்பால் இருக்கும் அந்தத் தோட்டத்துக்கு அவள் போவது பாடசாலை விடுமுறைக்கும் திருவிழாவுக்கும்தான். ‘என் மக்களின் கண்ணீர்’ போயிற்று. ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு சொல் எழுபதாகச் சுருங்கியது. அவள் முகமும்.

“அப்படின்னா என்கிட்ட ஒண்ணுமே இல்லையா மாமா?”

எனக்கும் உதறல்தான். சத்தியக் கடதாசியை நான் ரொம்ப உயர்த்திவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். அதுவும் சுத்தமான பண்டமில்லை. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்த 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு இந்த அப்பாயி இடாப்பில் பேர் பதிந்தது ஒரு சத்தியக் கடதாசியைக் காட்டித்தான். அதில் ‘1946ஆம் ஆண்டு இன்ன தோட்டத்தில் பிறந்தேன்’ என்று சமாதான நீதவான் முன்னால் உறுதிசெய்திருக்கிறாள். தான் பிறந்ததைத் தன் சொந்த அறிவில் எவர் சொல்லமுடியும்? கீழ்மலைக்குக் கவ்வாத்து வெட்டிய வருஷம் என்று அவளுடைய தாய் சொல்லிவந்தாள், எழுதியவர் ஆண்டைக் கணக்குப் போட்டார். சட்டப்படி பார்த்தால் அது கேள்விச் சாட்சியம். அந்தக் கேள்விச் சாட்சியத்தில்தான் அவள் பிரஜையானாள். என் மருமகள் தன் பிறப்பை வெட்டவேண்டியிருந்தது, அவள் அப்பாயி தன் பிறப்பைச் சத்தியமாகச் சொல்லவேண்டியிருந்தது. இதை மருமகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “அந்தக் கடதாசி இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கலஹா பஸ்ஸில் ஏறினோம். பேராதனை தாண்டி வளைந்து ஏறும் பாதை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர அந்தப் பக்கத்து மலைதான். வெள்ளைக்காரர்கள் இன்னும் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். அப்பாயி லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது என்று அந்தக் கடதாசி சொல்கிறது.

அவள் எடுத்துவந்தது ஒரு பிஸ்கட் டின். மூடியில் துருப்பிடித்த ரோஜாப்பூ. உள்ளே, வாழைநார் போட்டுக் கட்டிய கட்டுகள். சத்தியக் கடதாசி மேலேயே இருந்தது, நாலாக மடித்து, மடிப்பில் செலோடேப் ஒட்டி. அதற்குக் கீழே சேமலாப நிதியின் பீ கார்ட். அதற்கும் கீழே சம்பளத் துண்டுகள், வருடவாரியாக. மருமகள் தரையில் உட்கார்ந்து அவற்றை விரித்தாள். சம்பளத் துண்டில் ஒவ்வொரு மாதமும் சேமலாப நிதிக்கென்று பிடித்திருக்கிறார்கள். மத்திய வங்கியிலிருந்து வந்த கணக்கறிக்கையில் சில மாதங்கள் இல்லை. பிடித்திருக்கிறது, போய்ச் சேரவில்லை. அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினேழு மாதம்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தொழில் ஆணையாளர் நிலுவையைக் கணக்கிட்டுச் சான்றிதழ் எழுதி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் அறவிடுவதுபோல அறவிடும். உயர் நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகள், வசதியற்றவர் எழுதும் கடிதத்தையே அடிப்படை உரிமை மனுவாக ஏற்க இடம் தருகின்றன. இந்தியாவில் 1979இல் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா எழுதிய கடிதத்தை நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவாக எடுத்துக்கொண்ட கதையை மருமகள் ஏற்கெனவே படித்திருந்தாள். ஆனால் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் கெடு என்பதும் அவளுக்குத் தெரியும். அப்பாயியின் பதினேழு மாதங்களில் கடைசி மாதமே இருபது வருடத்துக்கு முந்தியது. ஆகவே உயர் நீதிமன்றத்தை அவள் பேச்சில் எடுக்கவில்லை. தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு, அதற்கு ஒரு பட்டியல், பட்டியலுக்கு இந்தத் துண்டுகளின் பிரதிகள்.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். “எங்கிட்டயும் இருக்கு பிள்ள” என்று உள்ளே போய் ஒரு ரப்பர்பேண்ட் போட்ட பொலித்தீன் பையோடு வந்தார். மாலைக்குள் நாலு வீட்டுக் காகிதங்கள் சேர்ந்துவிட்டன. எனக்கு அந்த அரைப் பக்கப் பையனின் நினைப்பு வந்து, வெளியே போய்த் தண்ணீர்ப் பீலியடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசியில் அவள் அனுப்பிய விண்ணப்பத்தில் முந்நூற்றுப் பதினொரு சொற்கள் இருந்தன. முதல் வரி: ‘என்னிடம் பதினேழு சம்பளத் துண்டுகளின் பிரதிகள் உள்ளன.’ அப்பாயியின் தகப்பனார் அக்கரையில் இருந்த பதினான்கு மாதத்தை ஒரு வாக்கியத்தில், ‘குடும்பத்தில் சொல்லக் கேட்டது’ என்று குறித்து எழுதியிருந்தாள். அந்தக் குறிப்பு எதற்கு, படிக்கிறவர்களுக்கு விளங்குமா என்று கேட்டேன். “இருக்கட்டும் மாமா” என்றாள். தெரிவுக்குழுவில் என்னைப் போல ஒருவர் இருந்தால் ஓரத்தில் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

சமர்ப்பி என்ற பொத்தானை அவள் அழுத்தியது கலஹா சந்தியில், ஒரு கொமினிகேஷன் கடையில். தோட்டத்தில் சிக்னல் வரவில்லை. அப்பாயியும் கூட வந்திருந்தாள், கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. திரையில் நன்றி என்று ஒரு வரி வந்து நின்றது.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன் அப்பாயி.”

“துண்டு குடுத்தானா?”

மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு கடைக்காரப் பையனிடம் அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுக்கச் சொன்னாள். இருபது ரூபாய். விண்ணப்ப இலக்கம், தேதி, நேரம். அப்பாயி அதை நாலாக மடித்துத் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.